கொடுமுடி கோகிலத்தின் நோட்டீசுகள்



1935-ஆம் ஆண்டில் 'நந்தனார்' என்னும் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. அதில் நடிப்பதற்காகக் கே.பி. சுந்தராம்பாள் என்னும் நாடக நடிகை பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் பத்தும் இருபதுமாக இருந்த காலத்தில் இத்தொகையைக் கேட்டோர் வாய்பிளந்து நின்றதில் வியப்பில்லை. அத்துணைப் பொருட்செலவில் எடுக்கப்பட்ட அப்படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. தீயில் கருகியவை போக, வெப்பத்தில் தாமாகவே மட்கிப் பொடியானவை பல. சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக உருக்கப்பட்டவையும் உண்டு. பழைய படங்களைக் காப்பதற்கென இந்திய அரசு புனேயில் ஆவணக்காப்பகம் அமைத்தது 1964-இல்தான். அதற்குள் தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' உட்பட, முப்பதுகளின் படங்களுள் பெரும்பாலானவை போய்விட்டன.

நாடகத்தின் நிலை இதனினும் பரிதாபமானது. திரை விழுந்ததும் அன்றைய ஆட்டம் முடிந்தது. சுந்தராம்பாள் அம்மையார் சிறுபிள்ளையாக மேடையேறிய நாள் தொட்டுப் படவுலகு புகும்வரை பாடிய ஆயிரக்கணக்கான இரவுகளுக்குச் சாட்சியாக நம்மிடம் இருப்பவை யாவை? தெருவில் வீசப்பட்ட நோட்டீசுகள், நாடகக் கொட்டகை வாயிலில் ஓரணாவுக்கும் இரண்டணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள், சில புகைப்படங்கள், அரக்கில் வார்த்த இசைத்தட்டுகள். படித்தபின் எறிந்துவிட வேண்டும் என்றே அச்சிடப்பட்ட தாள்கள்தாம் அவ்வாழ்வுக்கு ஆவணமாயின. இவற்றைத் தேடிச் சேர்ப்பதையே இருபது ஆண்டுகளாக என் ஓய்வுநேர அலுவலாகக் கொண்டுள்ளேன்.

இவ்வலுவல் எனக்கு வாய்த்தது என் தாய்வழிப் பாட்டனார் விட்டுச்சென்ற தகரப்பெட்டி ஒன்றினால். வாலிபப் பருவத்தில் அவர் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சிப்பந்தியாக இருந்தவர். சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் அங்கு நடித்த நாடகத்தை அவர் கண்டதாக நன்னி கூறக் கேட்டிருக்கிறேன். பெட்டியில் கடைக்கணக்கு நோட்டுகளுக்கும் கப்பல் சீட்டுகளுக்கும் அடியில் ஐந்து இசைத்தட்டுகளும், நான்காக மடித்த மூன்று நாடக நோட்டீசுகளும் இருந்தன. அவற்றோடு நான் சேர்த்தவை இன்று ஓர் அலமாரித் தட்டை நிறைத்துள்ளன.

நம் இல்லங்களில் இத்தகைய பொருள்கள் எளிதில் இடம்பெறுவதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். என் தமக்கையார் ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டார்.

"ஏன் தம்பி, ஒரு நாடகக்காரியோட படத்தையும் பாட்டையும் நம்ம வீட்டுல எதுக்கு அடுக்கி வெச்சிருக்கே? நாளைக்கு ஒம் புள்ளைங்க கேட்டா என்ன சொல்லுவே?"

கேள்வி நியாயமானது. பிள்ளைகளுக்கு என்ன சொல்வேனோ அதையே அக்காவுக்கும் சொன்னேன்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு வறுமையில் பிறந்தவர் இவ்வம்மையார். ரயிலில் பாடிப் பிழைத்த சிறுமி என்றே இவரைப் பற்றிய கதைகள் தொடங்கும். அக்குரலைக் கேட்டு வியந்தோர் நாடகக் குழுவில் சேர்த்துவிட்டனர். மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்டாக வேண்டும். அதற்கு ஈடுகொடுத்த குரல் அவருடையது. 1926-இல் இலங்கையில் கிட்டப்பாவோடு இணைந்து நடித்தார். கிட்டப்பாவும் அவ்வாறே சிறுவயதில் மேடையேறிப் பெரும்புகழ் பெற்றவர். 1927-இல் இருவரும் மணந்துகொண்டனர். அம்மணவாழ்வு எளிதாக அமையவில்லை. பிரிவும் மனவேதனையும் அதில் உண்டு. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்று பூண்ட வெண்ணிற ஆடையை அவர் 1980-இல் மறையும்வரை களையவில்லை. ஆடவரோடு இணை சேர்ந்து நடிப்பதில்லை என்றும் உறுதி கொண்டார். ஒரு இலட்சம் கொடுத்து அழைத்த 'நந்தனார்' படத்திலும் அவர் ஏற்றது நந்தனாராகிய ஆண் வேடத்தையே.

"இருபத்தஞ்சு வயசுலயா?" என்று மட்டும் கேட்டார் அக்கா. பிறகு ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அத்தாவின் பழைய மல் வேட்டியைக் கிழித்து, இசைத்தட்டு ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து உறை தைத்துக் கொடுத்தார். அவரும் இளம் வயதிலேயே கணவரை இழந்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர்.

இனி அந்த நோட்டீசுகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். தொகுப்பில் எனக்கு மிகவும் உவப்பானவை அவையே. மஞ்சள், ரோஜா, பச்சை நிறங்களில் மெல்லிய மட்டத் தாள். மேலே நாடகத்தின் பெயர், நடுவே நடிகர்களின் பெயர்களும் அடைமொழிகளும், யார் எந்த வேடம் என்னும் விவரம், ஆர்மோனியம் வாசிப்பவர் பெயர். கீழே சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று இறங்கிச் செல்லும் கட்டண வரிசை. கிழமையும் தேதியும் இருக்கும். ஆண்டு பலவற்றில் இராது. இவ்வார நாடகத்துக்கு அச்சடித்த தாளில் ஆண்டைப் போடுவானேன்?

ஆண்டில்லாத தாளுக்கு ஆண்டு கண்டுபிடிப்பது ஒரு சுவையான கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒரு நோட்டீசில் 'மே மாதம் 5-ந் தேதி சனிக்கிழமை' என்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். 1920-க்கும் 1940-க்கும் இடையில் மே 5 சனிக்கிழமையில் வந்தது மூன்று முறைதான்: 1923, 1928, 1934. அத்தாளில் கிட்டப்பா, சுந்தராம்பாள் ஆகிய இருவர் பெயரும் ஜோடியாக இருக்குமாயின், 1923-இல் அவர்கள் சேர்ந்து நடிக்கத் தொடங்கவில்லை. 1934-இல் கிட்டப்பா உயிருடன் இல்லை. ஆகவே 1928. தமிழ்த் தேதியும் உடன் இருந்துவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. அச்சிட்ட இடத்தை அறிவதும் எளிது. அச்சாகும் தாள் எதுவாயினும் அச்சகத்தின் பெயரும் ஊரும் அதில் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தது. ஆங்கில அரசு தன் பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, நம்மைப் போன்றோருக்கு இன்று அடிவரியில் விலாசமாகக் கிடைக்கிறது. புகைப்படங்களுக்கும் ஓர் அடையாளம் உண்டு. மேடை வேடம் புனையாத படத்தில் நகையும் பொட்டும் வண்ணச் சேலையும் காணப்பட்டால் அது 1933 டிசம்பருக்கு முந்தியது. வெள்ளைச் சேலையும் நெற்றி நிறைந்த திருநீறுமாக இருப்பின் பிந்தியது. ஒரு பெண்ணின் துயரம் தொகுப்பாளனுக்குக் காலக்கணக்காகப் பயன்படுகிறதே என்று, படங்களை அடுக்கும்போது என் மனம் கூசுவதுண்டு.

பாட்டுப் புத்தகங்களுக்கு வருவோம். பேசும்படம் வந்த பின் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு புத்தகம் அச்சாயிற்று. முன்பக்கத்தில் கதைச்சுருக்கம், பின்னர் பாடல்கள். கதைச்சுருக்கம் நெருக்கடியான கட்டத்தில் நின்றுவிடும். மிச்சத்தை வெள்ளித்திரையில் காண்க என்று ஒரு வரி. டிக்கெட்டு வாங்கச் செய்வதற்கான வியாபாரத் தந்திரம் அது. ஆனால் படமே அழிந்துபோன பின்னர் அவ்வரியைப் படிப்பவனுக்குத் தொண்டை அடைக்கிறது. எந்தத் திரையில் போய்க் காண்பது?

'நந்தனார்' படத்தைக் கல்கி அவர்கள் ஆனந்த விகடனில் கடுமையாக விமர்சித்தார். படத்தில் பனைமரமும் எருமைக்கடாவும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருப்பதாக அவர் செய்த கேலி இன்றுவரை எடுத்துச் சொல்லப்படுகிறது. கல்கியின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் எதிர்த்தரப்புச் சாட்சி இறந்துவிட்ட வழக்கு இது. படம் போய்விட்டது, கேலி நின்றுவிட்டது. அம்மையாரின் குரலும் மகாராஜபுரம் விசுவநாதய்யரின் குரலும் ஒரே படத்தில் ஒலித்தன என்றால், அதைக் கேட்காமல் தீர்ப்புக் கூற நான் தயாராக இல்லை. எனவே அப்படத்தைச் சார்ந்த எந்தத் துண்டுத்தாளும் எனக்குப் பெரிதாகிறது.

பின்னாளில் வந்த 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964), 'திருவிளையாடல்' (1965) ஆகிய படங்கள் தப்பிவிட்டன. அதனால் தமிழ் மக்கள் நெஞ்சில் அவர் முதுமூதாட்டியாகவே நிலைத்துவிட்டார். கோலூன்றிய கிழவியாக அவரைக் காட்டினால் சிறுவரும் அறிவர். இருபது வயதில் வள்ளியாக வந்து கிட்டப்பாவோடு பாட்டுக்குப் பாட்டு எதிர்நின்ற இளம்பெண்ணை யார் அறிவார்? தேசிய இயக்கத்துக்காக ஊர் ஊராகப் பாடிய பெண்ணும், 1951-இல் சென்னை மாநிலச் சட்ட மேலவைக்குள் நுழைந்து, திரையுலகிலிருந்து நாட்டின் சட்டமன்றம் ஒன்றில் முதலில் இடம்பெற்றவர் எனப் பெயர்பெற்ற பெண்மணியும் அவரே. அந்த இளம்பெண்ணின் முகவரி இந்த மஞ்சள் தாள்களிலும், நிமிடக் கணக்கில் அடங்கும் இசைத்தட்டுகளிலும்தான் உள்ளது.

மேடையில் ஒரு பாடலை அரைமணி நேரம் விரித்துப் பாடியவர்கள் தட்டில் அதையே மூன்று நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். பத்தங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கத்தில் அதற்குமேல் இடமில்லை. ஆகவே தட்டில் கேட்பது மேடைப் பாட்டன்று, அதன் சாரம். 1931-இல் மோதிலால் நேரு மறைந்தபோது அம்மையார் பாடிய இரங்கற்பாடல் இவ்வாறே தட்டில் ஏறி ஊரெங்கும் ஒலித்தது.

இத்தட்டுகளை வைத்திருக்கும் இல்லத்தார் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அவை அரக்கையும் கற்பொடியையும் கரியையும் கலந்து அழுத்தியவை. அரக்கு என்பது மரக்கிளையில் ஒருவகைச் சிறுபூச்சி சுரக்கும் பிசின். அது ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். தூசு படிந்திருக்கிறதே என்று ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால், துடைத்தவர் கையாலேயே குரல் அழியும். மிதமான சோப்பு கலந்த நீரில், நடுவிலுள்ள லேபிள் நனையாமல் மெதுவாகத் துடைத்து நிழலில் உலர்த்துவது போதும். படுக்கவைத்து அடுக்கலாகாது, புத்தகம் போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். கிராமபோனின் எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றுவது அந்நாளைய வழக்கம். அதில் சிக்கனம் பார்த்த வீடுகளின் தட்டுகளில் இன்று இரைச்சலே மிஞ்சியிருக்கிறது. தாள்களுக்கோ லேமினேஷனும் செலோடேப்பும் நஞ்சு. டேப்பின் பசை பத்தாண்டில் பழுப்பேறித் தாளையும் தின்றுவிடும்.

சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாகும்வரை இத்தகைய பொருள்களுக்கு அதுவே பெருஞ்சந்தை. எனக்கு அதைக் காணும் பேறில்லை. நான் அலைந்தவை காரைக்குடியின் பழம்பொருள் கடைகளும், திருவல்லிக்கேணி நடைபாதைகளும், எண்ணற்ற பழைய பேப்பர் கடைகளும். எடைக்கு வந்த கட்டைப் பிரிக்குமுன் பேப்பர் கடைக்காரரிடம் ஒரு தேநீர் அருந்திப் பேசிக்கொண்டிருந்தால் போதும். அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். பழம்பொருள் வியாபாரிகளின் கதை வேறு. இப்போது போலிகளும் புகுந்துவிட்டன. பழைய நோட்டீசை நகலெடுத்து, தேயிலைச் சாற்றில் நனைத்து உலர்த்திப் பழமையேற்றி விற்கின்றனர். சோதிப்பதற்கு விரல்நுனி ஒன்றே போதும். ஈய எழுத்துக் கோத்து அடித்த தாளில் எழுத்தின் அழுத்தம் பின்புறம் மெல்லப் புடைத்துத் தடவுபடும். ஆப்செட்டில் அடித்ததும் ஜெராக்ஸும் வழவழவென்று இருக்கும். இசைத்தட்டாயின், லேபிளுக்கு வெளியே மழமழப்பாக இருக்கும் வளையத்தில் பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும். லேபிளை மாற்றி ஒட்டலாம், அரக்கில் பதிந்த எண்ணை மாற்றுவது அரிது.

ஒரு வியாபாரி என்னிடம், நோட்டீசுகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒன்று இரண்டாயிரத்துக்கு விற்றுத் தருவதாகக் கூறினார். உணவு விடுதிகளின் சுவருக்குப் பழைய தாள் இப்போது அலங்காரமாம். மறுத்துவிட்டேன். வெயில்படும் சுவரில் இரண்டு கோடை தாங்காத தாள் அது. அத்துடன், ஒரே ஊரில் அடுத்தடுத்து நடந்த நாடகங்களின் நோட்டீசுகள் சேர்ந்திருந்தால்தான் அக்குழுவின் பயணம் புரியும். பிரித்து விற்றால் ஒவ்வொன்றும் வெறும் படமாகிவிடும்.

அவரே பிறிதொரு நாள், அம்மையார் சம்பந்தப்பட்ட தனிக்கடிதம் ஏதேனும் வந்தால் வேண்டுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். வேண்டாம் என்றேன். அம்மையார் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்களுள் சில ஏற்கெனவே அச்சாகியுள்ளன. ஆராய்ச்சியாளர்களுக்கு அவற்றின் பயன் பெரிது. அவை நூலகத்தில் இருக்கட்டும். மேடையில் நின்று ஊருக்காகப் பாடியதை ஊரார் சேர்த்து வைக்கலாம். கணவருக்கு எழுதியது என் அலமாரியில் கிடப்பது முறையாகாது என்றே எனக்குப் படுகிறது. இது தொகுப்போர் அனைவரும் ஒப்பும் கருத்தன்று. சண்டைக்கு வருவோரும் உளர்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். கடைப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று பிறர் குப்பையென எறிந்தவற்றையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்து, 1994-இல் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமையத் துணைநின்றது. இன்று அது தரமணியில் உள்ளது. தமிழ் நாடக வரலாறு எழுதப் புகுவோர் அங்குச் செல்லாமல் இருக்க முடியாது. என் சிறு தொகுப்பையும் அதுபோன்ற ஒரு பொது நூலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவெடுத்துள்ளோம். அதற்காக ஒவ்வொரு தாளையும் புகைப்படமெடுத்துப் பட்டியலிட்டு வருகிறேன். பட்டியல் எழுதுவது அக்காவின் மூத்த மகள். தாளைத் தொடுமுன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளச் சொல்லி எனக்கே உத்தரவு போடுகிறாள்.

பட்டியலில் ஓரிடம் வெறுமையாக இருக்கிறது. 'நந்தனார்' படத்தின் பாட்டுப் புத்தகம் இன்னும் என் கைக்குக் கிட்டவில்லை. கொழும்புக்கும் பினாங்குக்கும் சென்று திரும்பிய பெரியவர்களின் பெட்டிகள் தங்களுள் பலர் இல்லத்துப் பரணில் இன்னும் திறக்கப்படாமல் இருக்கக்கூடும். அடுத்த முறை ஒட்டடை அடிக்கும்போது, பேப்பர் கடைக்கு அனுப்புமுன் அடிவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். புத்தகம் தங்களிடமே இருக்கட்டும். இப்பத்திரிகையின் முகவரிக்கு ஒரு நகல் அனுப்பினால் எனக்குப் போதும். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.